கையில் இருக்கும் போனோடு கதை சொல்லப் பழகுவோம்: மட்டக்களப்பு, அம்பாறை இளையோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடியோ, ஒலிப்பதிவு, படம், எழுத்து எல்லாவற்றையும் சேர்த்து ஊர்க்கதை சொல்ல ஆசைப்படும் தம்பி தங்கச்சிமார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வாழைச்சேனையில் கேட்டாலும் பொத்துவிலில் கேட்டாலும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என்னிடம் ஒரு சாதாரண போன்தான் இருக்கிறது. நல்ல கமரா வாங்கும்வரை பொறுத்திருக்க வேண்டுமா?

வேண்டாம், இன்றைக்கே தொடங்குங்கள். இப்போது புழக்கத்தில் இருக்கும் ஸ்மார்ட்போன்கள் பெரும்பாலும் 1920க்கு 1080 புள்ளி (பிக்சல்) என்ற அளவில் வீடியோ எடுக்கும். போன் திரையில் பார்ப்பவருக்கு அது தாராளம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் முதலில் ஒரு கொலர் மைக், அப்புறம் ட்ரைபொட், எல்லாவற்றுக்கும் கடைசியில் கமரா. படம் சற்று மங்கலாக இருந்தாலும் சனம் பொறுத்துக்கொண்டு பார்க்கும். பேச்சு விளங்காவிட்டால் உடனே விட்டுப் போய்விடும்.

எடுக்கப் போகுமுன் லென்ஸைத் துணியால் துடையுங்கள், போனை விமானப் பயண நிலையில் போடுங்கள், போனில் சேமிக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வீடியோ போனைப் பொறுத்து 60 முதல் 130 மெகாபைட் வரை பிடிக்கும். அரை மணித்தியாலப் பேட்டிக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

வீடியோ, ஒலி, படம், எழுத்து, வரைபடம் எல்லாமே பழக வேண்டுமா?

எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும், எல்லாவற்றிலும் கெட்டிக்காரராக வேண்டியதில்லை. எதை எதால் சொல்வது என்ற தெளிவுதான் முக்கியம். அசைவு இருந்தால் வீடியோ. குரலும் நினைவும்தான் பெரிது என்றால் ஒலி மட்டும் போதும். வெள்ளம் எந்தெந்தக் கிராமத்துப் பாதையை மூடியது என்பதை வாயால் சொன்னால் ஒருவருக்கும் மனதில் நிற்காது, ஒரு வரைபடம் போடுங்கள்.

எதைக் கதையாக எடுப்பது? எங்கள் ஊரில் புதிதாக ஒன்றும் நடப்பதில்லையே.

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. பலரும் தடுக்கி விழுவது கமராவில் அல்ல, இங்கேதான்.

"மட்டக்களப்பு வாவி" என்பது தலைப்பு. "மனிதன் யானை மோதல்" என்பதும் தலைப்பு. இப்படி ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினால், கடைசியில் நாலு அதிகாரிகளின் பேச்சும் ஒரு சூரிய அஸ்தமனமும்தான் கையில் மிஞ்சும். கதைக்கு ஒரு ஆள் வேண்டும். அவருக்கு ஏதோ ஒன்று தேவைப்பட வேண்டும். அது கைக்கு எட்டாமல் ஏதாவது குறுக்கே நிற்க வேண்டும். முடிவு தெரிய ஒரு காலக்கெடு இருந்தால் இன்னும் நல்லது.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வயற்காரரை நினைத்துப் பாருங்கள். பெரும்போகம் விளைந்து அறுப்புக்கு நிற்கிறது. மெசின் வர இன்னும் சில நாள் ஆகும். அதுவரை ஒவ்வொரு இரவும் பரணில் காவல். அன்று இரவு யானை வருமா வராதா? ஒரு ஆள், ஒரு வயல், ஒரு இரவு. யானை வராவிட்டாலும் அது கதைதான், ஏனென்றால் அந்த மனுசன் தூங்காமல் இருந்ததை நாம் கூட இருந்து பார்த்திருக்கிறோம். மனிதன் யானை மோதல் பற்றி நீங்கள் சொல்ல நினைத்த எல்லாமே அந்தப் பரணுக்குள் வந்துவிடும்.

அதனால் கமராவைத் தொடும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எப்போது தெரியவரும். நாலுக்கும் பதில் எழுத முடியாவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொருமுறை கமரா இல்லாமல் போய், இருந்து, கதைத்துவிட்டு வாருங்கள். ஊரில் ஒன்றும் நடப்பதில்லை என்று சொல்பவர் பெரும்பாலும் யாரோடும் ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

கதை சொல்லும் முறையை எங்கே பார்த்துப் பழகலாம்?

யூடியூப்பில் ஆயிரம் பாடம் இருக்கிறது, பாருங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் ஊரில் கூத்து ஆடினால் போய் முழு இரவும் குந்தியிருந்து பாருங்கள். நான் இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. கதை சொல்லும் நுட்பம் அங்கே கண்முன்னால் நடக்கிறது.

கூத்தின் இரு வகைகளான வடமோடியாகட்டும் தென்மோடியாகட்டும், ஒரு பாத்திரம் ஆடுகளமான களரிக்கு வரும்போது அதற்கென்று ஒரு வரவு இருக்கும். அரசனின் வரவுக்குரிய தாளம் வேறு, ஆட்டம் வேறு. அவன் வாய் திறந்து தன்னைப் பற்றிப் பாடி முடிக்கும் முன்பே அவன் எப்படிப்பட்டவன் என்று பார்ப்பவருக்குப் பிடிபட்டுவிடும். நம் வீடியோக்களில் என்ன நடக்கிறது? ஒருவர் கதிரையில் உட்கார்ந்து, "என்னுடைய பெயர் இது, நான் இந்த ஊரில் வசிக்கிறேன்" என்று தொடங்குகிறார். அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு வரவு கொடுங்கள். தோணியைத் தள்ளிக்கொண்டு வருகிறாரா, தயிர்ச்சட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறாரா, அந்த வேலையோடு அவரை உள்ளே கொண்டுவாருங்கள். பெயரைப் பிறகு எழுத்தில் போடலாம்.

கூத்துப் பழக்கும் முறையும் ஒரு ஆவணப்படக்காரருக்குக் கிடைத்த வரம். யார் எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து அவரவர் பகுதியை எழுதிக் கொடுக்கும் சட்டம் கொடுப்பது, மாதக்கணக்கில் பழகுவது, சதங்கை அணிவது, ஒத்திகையாக அடுக்குப் பார்ப்பது, கடைசியில் அரங்கேற்றம். கதையின் படிகள் ஏற்கெனவே கட்டப்பட்டு நிற்கின்றன. முதல்முறை ஆட வரும் ஒரு பொடியனைச் சட்டம் கொடுக்கும் நாளிலிருந்து தொடர்ந்து போனால் போதும். பலர் அரங்கேற்றத்துக்கு மட்டும் ட்ரைபொட்டோடு போய் நிற்கிறார்கள். அப்போது கதையின் முக்கால்வாசி முடிந்துவிட்டிருக்கும்.

இன்னொன்று. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தை ஓரிரு மணித்தியாலத்துக்குள் அடக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். மட்டக்களப்பைச் சேர்ந்த பேராசிரியர் சி. மௌனகுரு அந்த முயற்சிகளில் மாணவராக ஆடி, பின்னாளில் அந்த வழியை இன்னும் முன்னெடுத்தார். எதை விடுவது, எதை வைத்தால் உயிர் போகாது என்ற கேள்வி எடிட்டிங் மேசையில் இருக்கும் உங்களுக்கும் அதேதான்.

ஒரு காட்சிக்கு எத்தனை ஷொட் எடுக்க வேண்டும்?

தொடக்கத்தில் ஐந்து போதும். மருதமுனையில் ஒரு கைத்தறிக்காரரை எடுக்கப் போனீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கைகள்: நூலும் விரலும் மட்டும். இரண்டாவது அவர் முகம், வேலையைப் பார்த்தபடி. மூன்றாவது தள்ளி நின்று முழுத் தறியும் அறையும். நான்காவது அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் பார்ப்பதை நாமும் பார்க்க. ஐந்தாவது உங்கள் சொந்தக் கண்: தறியின் மிதியில் நிற்கும் பாதங்களாக இருக்கலாம், கதவடியில் காத்து நிற்கும் பேத்தியாக இருக்கலாம்.

ஒவ்வொன்றையும் குறைந்தது 10 விநாடி அசையாமல் பிடியுங்கள். போனை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, சூம் போய் வந்துகொண்டு எடுத்தால் வெட்டி ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. கிட்டப் பார்க்க வேண்டுமா, நடந்து கிட்டப் போங்கள்.

நிலைக்குத்தாக எடுப்பதா, கிடையாக எடுப்பதா?

எங்கே போடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ரீல்ஸ், டிக்டொக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்றால் நிலைக்குத்து. யூடியூப்பில் நீளமான படம், திரையிடல் என்றால் கிடை. இரண்டையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள்.

எங்கள் பக்கம் வெயில் கொளுத்துகிறது. முகம் எல்லாம் கறுத்து, வானம் வெள்ளையாகப் போகிறது. என்ன செய்வது?

நம் நிலத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. சூரியன் கடலில் எழும்பி வாவிப் பக்கம் விழும். எழுவான்கரை, படுவான்கரை என்ற ஊர்ப் பிரிவே அதைச் சொல்கிறது. கரைவலை இழுப்பதை எடுக்கப் போனால் காலை 6 மணியை ஒட்டிக் கடற்கரையில் நில்லுங்கள். வாவித் தோணிகள் என்றால் மாலை 5 மணிக்குப் பிறகு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வெயில் சட்டென்று ஏறிவிடும், காலை 8 மணிக்கே வெளிச்சம் கடுமையாகிவிடும்.

நண்பகலில்தான் ஆள் கிடைப்பார் என்றால் விறாந்தைக்கோ வேப்பமர நிழலுக்கோ கொண்டுவாருங்கள். வானம் அவருக்குப் பின்னால் வரக் கூடாது. திரையில் அவர் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு அதிலேயே பூட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் என்றால் அவர் யன்னலைப் பார்த்து இருக்க, நீங்கள் யன்னலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்த வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறதே?

இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்ஈடி விளக்குகளும் அதற்கேற்ப விநாடிக்கு 100 தடவை மினுங்கும். கமரா அமைப்பில் விநாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), ஷட்டர் வேகம் விநாடியின் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் கோடு போய்விடும். போனில் அந்த அமைப்பு இல்லாவிட்டால், அதைத் தரும் இலவசக் கமரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் எடுத்தால் காற்று இரைச்சல் மட்டும்தான் கேட்கிறது. ஒலியை எப்படிச் சரிசெய்வது?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியில் பேட்டி எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். பதிவான காற்றை எடிட்டிங்கில் எடுப்பது மிகக் கடினம், எடுக்கும்போதே தடுக்க வேண்டும். ஆளைக் காற்றுக்கு முதுகு காட்டி இருத்துங்கள். ஒரு சுவர், வள்ளத்தின் மறைவு, ஓலை வேலி எதுவானாலும் சரி. மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் மயிர்போர்வை இல்லையென்றால் பஞ்சும் மெல்லிய துணியும் சுற்றலாம்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். தனி மைக் இல்லையென்றால் இன்னொரு போனில் ஒலிப்பதிவைப் போட்டு, அவர் சட்டைப் பையில் வையுங்கள். தொடக்கத்தில் கமராவுக்கு முன் ஒருமுறை கைதட்டினால், அந்தச் சத்தத்தை வைத்து இரண்டு பதிவையும் பிறகு பொருத்திவிடலாம். பதிவாகும்போது திரையில் ஒலியளவைக் காட்டும் கோடு சிவப்பைத் தொடக் கூடாது. உச்சக் குரல் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நின்றால் சரி. ஹெட்போனைக் காதில் போடாமல் பேட்டி எடுக்க வேண்டாம், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

பேட்டி முடிந்ததும் ஒருவரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் 30 விநாடி பதியுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அதைக் கீழே ஓடவிட்டால் ஒட்டுத் தெரியாது. தனியாகவும் ஊர்ச் சத்தங்களைச் சேருங்கள். தறிச் சத்தம், உடுக்கைச் சத்தம், பாங்கோசை, மீன் வாடியின் ஏலம்.

இங்கே ஒலிப்பதிவுக்கு ஒரு அழகான முன்னோடிக் கதை உண்டு. முழுநிலா இரவுகளில் கல்லடிப் பாலத்தடியில் கேட்பதாகச் சொல்லப்படும் பாடும் மீன்களின் ஓசையை, 1950களில் இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிந்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பானது. அன்றைய கருவிகளின் பாரத்தையும் விலையையும் நினைத்தால், கையடக்கப் பதிவுக் கருவியோடு திரியும் நாம் வாவியின் சத்தத்தை இன்னும் எவ்வளவோ பதிய வேண்டும்.

வயதானவர்கள் கமராவைக் கண்டதும் மேடைப் பேச்சுப் பேசத் தொடங்குகிறார்கள். இயல்பாகக் கதைக்க வைப்பது எப்படி?

உங்கள் தமிழை முதலில் இறக்கிவையுங்கள். "தங்களுடைய அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று கேட்டால் அவரும் அப்படித்தான் பதில் சொல்வார். பாட்டியைப் பெத்தா என்று கூப்பிட்டு, "பெத்தா, அண்டைக்கு விடிய எழும்பி முதல் என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். முஸ்லிம் ஊர்களில் மூத்தம்மா என்று கூப்பிட்டு அவர்களுடைய வழக்கில் கேளுங்கள். பதிலில் "மறுகா, மறுகா" (பிறகு, பிறகு) என்று வந்தால் வெட்டாதீர்கள், கதை ஓடுகிறது என்று அர்த்தம்.

ஆம், இல்லை என்று முடிந்துபோகும் கேள்வி வேண்டாம். ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடியிருங்கள். அவர் நிறுத்திய பிறகும் கொஞ்சம் பொறுங்கள், நல்ல வசனம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். கை சும்மா இருந்தால் மனுசருக்குக் கூச்சம் வரும், ஆகவே வலை பொத்தும்போதோ பாய் இழைக்கும்போதோ கதை கேளுங்கள்.

சுனாமி, யுத்தம், காணாமற்போனோர் பற்றிக் கதை எடுக்கலாமா?

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் அவசரப்படக் கூடாது. 2004 டிசம்பர் 26 இந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் இன்னும் முடியாத நாள். யுத்த காலமும் அப்படித்தான். ஒரு தாயின் அழுகையைக் கிட்டப் பிடித்தால் பார்வை கூடும் என்பதற்காக அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலையை நாம் செய்யவே கூடாது.

முதல் சந்திப்பில் கமரா வேண்டாம். எதற்காக எடுக்கிறோம், எங்கே போடுவோம், யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று விளக்கமாகச் சொல்லுங்கள். பேஸ்புக்கில் போட்டால் யாரும் எடுத்துத் திரும்பப் போடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், முகம் வேண்டாம் என்றால் ஒலியை மட்டும் பதியுங்கள், கைகளை மட்டும் எடுங்கள். எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் விருப்பமும் வேண்டும்.

தமிழர், முஸ்லிம், சிங்களவர் அக்கம்பக்கமாக வாழும் மாவட்டங்கள் இவை. ஒரு சம்பவத்தை ஒரு தெருவில் மட்டும் கேட்டு முடித்துவிட்டால் அது பாதிக் கதை. கல்முனையில் ஒரு பக்கம் கேட்டதை மறு பக்கமும் போய்க் கேளுங்கள்.

கோயில் சடங்கு, பள்ளிவாசல், டிரோன்?

கண்ணகி அம்மன் சடங்கு போன்றவற்றில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை நிர்வாகத்திடமும் சடங்கை நடத்தும் கட்டாடியாரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். டிரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, அனுமதியில்லாமல் பறக்கவிடாதீர்கள்.

எந்த எடிட்டிங் மென்பொருள் நல்லது?

போனில் என்றால் கப்கட். கணினியில் என்றால் ஷொட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், பழைய கணினியிலும் ஓரளவு ஓடும். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு மிகவும் நல்லது, ஆனால் வலுவான கணினி கேட்கும். ஒலிக்கு ஒடாசிட்டி.

மென்பொருளை விட முறை முக்கியம். முதலில் பேட்டி முழுவதையும் கேட்டு எழுதுங்கள். எது இல்லாமல் கதை நிற்காதோ அதை மட்டும் கோடிடுங்கள். அந்த வசனங்களை வரிசைப்படுத்திக் கேட்டுப் பார்த்த பிறகே படங்களைப் போடுங்கள். பின்னணிக் குரல் எழுதினால் சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள். படத்தில் ஏற்கெனவே தெரிவதைக் குரலில் திரும்பச் சொல்ல வேண்டாம்.

தமிழில் எழுத்துப் போட்டால் கட்டம் கட்டமாகவோ ஆங்கில எழுத்தாகவோ வருகிறதே?

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒட்டியிருப்பீர்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போட்ட பழைய முறை. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, தமிழ் யூனிகோடு எழுத்துரு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். துணைவரிக் (சப்டைட்டில்) கோப்பைச் சேமிக்கும்போது குறியீட்டு முறையை யூடிஎப் 8 (UTF-8) என்று வையுங்கள். கொம்பும் கால்களும் இடம் மாறி விழுந்தால் அந்த மென்பொருளுக்குத் தமிழ் சரியாகத் தெரியாது, வேறு மென்பொருளுக்கு மாறுங்கள்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடலாமா?

கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும் உரிமை இருக்கிறது. யூடியூப்பும் தானாகவே பிடித்துவிடும். ஊரில் ஒரு மத்தளக்காரரையோ நாட்டார் கவி பாடும் உம்மாவையோ அனுமதி கேட்டுப் பதிந்து, பெயர் போட்டு நன்றி சொல்லுங்கள். முடிந்தால் காசும் கொடுங்கள். உங்கள் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான இசை வேறெங்கும் கிடைக்காது.

முறையாகப் படிக்க எங்கே போகலாம்?

பாடசாலையில் இருப்பவர்கள் தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் என்ற பாடத்தை எடுக்கலாம். அழகியல் பக்கம் போக விரும்புவோருக்குக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை எல்லாம் அங்கே படிக்கலாம். காரைதீவில் 1892இல் பிறந்து யாழ் நூல் எழுதிய சுவாமிகளின் பெயரிலுள்ள இடம் அது. தொழிற்பயிற்சி நிலையங்களின் குறுகிய பாடநெறிகளையும் விசாரியுங்கள். ஆனால் சான்றிதழைக் காட்டி ஒருவரும் வேலை கேட்க முடியாத தொழில் இது. முடித்த மூன்று சிறு படங்கள் கையில் இருக்க வேண்டும். கலியாண வீட்டு வீடியோவைக் குறைவாக நினைக்க வேண்டாம். திரும்ப எடுக்க முடியாத தருணங்களைத் தவறவிடாமல் பிடிக்க அங்கே பழகியவர்கள் ஆவணப்படத்தில் நன்றாகவே வருகிறார்கள்.

எடுத்த எல்லாவற்றையும் எப்படிப் பத்திரப்படுத்துவது?

மூன்று பிரதி. இரண்டு பிரதிகள் போன், ஹார்ட்டிஸ்க் போன்ற வேறு வேறு கருவிகளில், மூன்றாவது வேறு ஊரில் அல்லது இணையச் சேமிப்பில். மார்கழி வெள்ளம் வீட்டுக்குள் வரும் பகுதிகளில் இது கட்டாயம். கோப்புக்குத் திகதி, ஊர், ஆளின் பெயர், என்ன விசயம் என்று பெயரிடுங்கள். பேட்டியின் வெட்டாத முழுப் பதிவை அழிக்காதீர்கள். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஒலியும் படமும் கூடப் பாதுகாக்கப்படுகின்றன. கூத்துப் பழக்கும் அண்ணாவிமார், மருத்துவிச்சிகள், பழைய தோணி கட்டுபவர்கள் போன்றோரின் பதிவுகளை, அவர்களின் சம்மதத்தோடு அங்கே சேர்ப்பது பற்றியும் யோசியுங்கள்.